பதில் சொல்லக் கூடாத அறை

"சார், இடிக்காதீங்கன்னு சொல்றேன்ல? கொஞ்சம் தள்ளி நில்லுங்க!"

பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே... அவளுக்கென்ன? வெளியே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. உள்ளே ஊசி குத்த இடமில்லை. அந்த நெரிசலில் ஒரு கையில் ஈரக் குடையும் மறு கையில் மேல் கம்பியுமாக, தன் உடம்பையே தடுப்பாக வைத்து, முன்பின் பார்த்தறியாத ஒருவனை அவள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அவன் சட்டையைப் பார்த்ததால் வந்த வினை.

வெளிர்நீலச் சட்டை. தோள், கை, பக்கவாட்டு என்று எல்லாத் தையலும் வெளியே தெரிந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால், அவசரத்தில் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறான் என்று வாய்க்குள் சிரித்திருப்பார்கள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வீட்டுக் கொடியில் தங்கையின் துணிகள் இப்படித்தானே காய்கின்றன... இப்படித்தானே அவள் போட்டுக்கொள்கிறாள்...

தங்கையை வீட்டில் பட்டு என்று கூப்பிடுவார்கள். பிறவியிலேயே தோல் நோய். மரபணுவில் எங்கோ ஒரு சின்னப் பிழை. அதனால் மேல்தோல் அடித்தோலோடு ஒட்டி நிற்காது. யாராவது அழுத்திப் பிடித்தால் கொப்பளம், துணியின் தையல் உரசினால் புண். லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நோய், எப்படியோ இவர்கள் வீட்டு விலாசத்தைக் கண்டுபிடித்து வந்துவிட்டது. தையல் வெளியே தெரியச் சட்டை போட்ட ஒருவனைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எந்தக் காரணமும் தோன்றவில்லை.

"அண்ணா, இவருக்குக் கொஞ்சம் இடம் குடுங்களேன். உடம்பு சரியில்லாதவர்," என்று ஜன்னலோரத் தொப்பைக்காரரை எழுப்பியே விட்டாள். "நீங்க உட்காருங்க. ஜன்னல் பக்கம் சாயாதீங்க, கம்பி உரசும்."

"எனக்கா சொல்றீங்க?" என்றான் அவன்.

"உங்களுக்குத்தான். கட்டு எதுவும் நனைஞ்சிடலையே?"

"கட்டா...?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். காலையிலிருந்து சாயங்காலம்வரை அடுத்தவர் கண்ணைப் பார்ப்பதுதான் பிழைப்பு. காய்கறிக்காரருக்குத் தக்காளி எப்படியோ அவளுக்குக் கண் அப்படி. ஆனால் இந்தக் கண்கள்... மழையில் நனைந்த இமைகள், அதற்குக் கீழே பாதி தூக்கம், பாதி குறும்பு. எதற்கென்றே தெரியாமல் அவள் குடையைக் கை மாற்றிக்கொண்டாள்.

"கூச்சப்படாதீங்க. என் தங்கச்சிக்கும் இதே பிரச்சினைதான்," என்றாள் குரலைத் தாழ்த்தி.

அவன் முகத்துச் சிரிப்பு சட்டென்று அடங்கியது. "ஐயோ மேடம்... எனக்கு ஒண்ணும் இல்லைங்க. நான் டெய்லர். இந்தச் சட்டை அவங்களை மாதிரி இருக்கிறவங்களுக்காகத் தச்சது. எங்கயாவது உறுத்துதான்னு நான் ஒரு நாள் போட்டுத் திரிஞ்சு பார்த்துட்டுத்தான் மத்தவங்களுக்குக் குடுப்பேன்."

"அப்போ உடம்புக்கு ஒண்ணும் இல்லையா?" இது தொப்பைக்காரர்.

"இல்லைங்க."

"அப்போ எந்திரி தம்பி!"

பஸ்ஸே சிரித்தது. அவளுக்குக் காதுவரை சூடேறியது. அடுத்த நிறுத்தம் எதுவென்றுகூடப் பார்க்காமல் இறங்கி, விரிக்க மறந்த குடையோடு, கொட்டுகிற மழையில் மீதித் தூரத்தை நடந்தே போனாள்.

விதி யாரை விட்டது! அவள் போய்க்கொண்டிருந்தது நூலக மாடியில் நடக்கும் குடும்பச் சந்திப்புக்கு. அந்த நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் மாதாமாதம் அங்கே கூடுவார்கள். எந்தத் துணிக்கட்டு புண்ணில் ஒட்டாது, எந்தச் செருப்பு கடிக்காது, எந்த டாக்டர் முகம் கொடுத்துப் பேசுவார் என்று சம்பந்தி வீட்டுக் கதை மாதிரி பேசித் தீர்ப்பார்கள். அங்கே யாரும் யாரையும் கட்டிப்பிடிக்க மாட்டார்கள், கை குலுக்க மாட்டார்கள். தூரத்தில் நின்று இரண்டு கையையும் ஆட்டுவதுதான் வணக்கம். சொட்டச் சொட்ட மாடியேறினால்... வாசலில் அவன் நிற்கிறான், கையில் ஒரு துண்டோடு.

"துடைச்சுக்குங்க மேடம். உடம்பு சரியில்லாம போயிடப்போகுது," என்றான் ரொம்ப மரியாதையாக.

"துண்டுல தையல் எந்தப் பக்கம்னு பார்த்துட்டீங்களா?"

"பார்த்துட்டேன். உறுத்தாது."

சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். அம்மாவும் பட்டுவும் முன்னாலேயே டாக்ஸியில் வந்து, பஞ்சு மெத்தை போட்ட நாற்காலி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுவுக்கு ஒல்லியான உடம்பு, கை முழுக்கக் கட்டு, மடங்கிப்போன விரல்கள். ஆனால் குரல் மட்டும் தேன். அந்தக் குரலை வைத்துத்தான் வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குப் போனில் பதில் சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள். வாயும் கொஞ்சம் நீளம்தான். இந்த நோய்க்குச் சிலர் பட்டாம்பூச்சி நோய் என்று அழகாகப் பெயர் சொல்வார்கள். பட்டுவிடம் சொன்னால், "ரெண்டு நாள்ல செத்துப்போற பூச்சி பேரை எனக்கு எவன் வச்சான்?" என்று சண்டைக்கு வருவாள்.

அவள் பஸ் கதையைத் தங்கையிடம் சொல்லி முடிக்கும்போது, சந்திப்பை நடத்தும் அமைப்பாளர், "இவர்தான் இனிமே நமக்கெல்லாம் டெய்லர்," என்று அவனை அழைத்துவந்து நிறுத்தினார்.

"டெய்லர் சார், எங்கக்கா உங்களுக்கு பஸ்ல சண்டை போட்டு சீட்டு வாங்கிக் குடுத்தாளாமே?" என்றாள் பட்டு. "எனக்குக்கூட இப்படிச் செஞ்சதில்ல."

"சட்டையைப் பார்த்து ஏமாந்துட்டாங்க. ஆளைப் பார்த்திருந்தா குடுத்திருக்க மாட்டாங்க."

பட்டு கலகலவென்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அவன் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு பட்டுவின் எதிரே உட்கார்ந்தவன், சந்திப்பு முடியும்வரை அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அவள் தலையைத் துவட்டிக்கொண்டு ஓரமாக நின்றாள். யாருக்கும் தெரியாமல் நெஞ்சுக்குள் ஏதோ சுருக்கென்றது.

அதற்குப் பெயர் என்ன என்று அப்போது அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ரொம்ப நாள் ஆகவில்லை.

தையல்காரன் வீட்டுக்கு வர ஆரம்பித்தான். பட்டுவின் மேல் அளவு நாடாவை வைக்க முடியாது. ஒரு நூலைக் காற்றிலேயே அவள் தோளுக்கு நேராகப் பிடித்துப் பார்த்து அளவு எடுப்பான். அதற்கே பாதிப் பொழுது போகும். மீதிப் பொழுது பேச்சு. வேலை முடிந்து அவள் வாசலுக்கு வரும்போதே அவன் செருப்பு கண்ணில் படும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். கதவைத் திறந்தால்... டப்பென்று இருவரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

"வாங்க மேடம்," என்பான் அவன், என்னமோ அவள்தான் விருந்தாளி மாதிரி.

"என் வீட்டுக்கு நான் வர்றதுக்கு உங்க அனுமதி வேற வேணுமா?"

"கோவமா இருக்காங்க," என்பான் பட்டுவிடம்.

"அவளா? பசியா இருப்பா," என்பாள் பட்டு. மறுபடியும் சிரிப்பு.

அப்படி என்னதான் பேசுகிறார்கள்? நான் வந்ததும் ஏன் நிறுத்துகிறார்கள்? சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிப்பாள், சோறு இறங்காது.

ஒரு நாள் புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு நடுக்கூடத்தில் இரண்டு முறை அப்படியும் இப்படியும் நடந்தாள். அவன் ஏறிட்டுப் பார்த்தான். அவள் மூச்சே நின்றது.

"மேடம்... வலது தோள்ல தையல் கொஞ்சம் இறங்கியிருக்கு. குடுத்தீங்கன்னா சரி பண்ணித் தர்றேன்."

அடப்பாவி மனுஷா, பார்த்தது தையலைத்தானா! அந்தச் சுடிதாரை மடித்து அலமாரியின் அடியில் திணித்தாள்.

இன்னொரு நாள் கடைக்கே வந்து நின்றான். ஊசியில் நூல் கோர்க்கச் சிரமமாக இருக்கிறதாம். கடையில் ஆள் இல்லாத மத்தியானம். கண்ணாடிக் கதவுக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. பரிசோதனை முடிந்து, கண்ணாடிக்கு அளவு எடுக்கச் சின்ன ஸ்கேலை அவன் மூக்கின் மேல் வைத்தாள். இரண்டு கண்மணிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பார்க்க வேண்டும். தினமும் செய்கிற வேலைதான்.

"எங்க பார்க்கணும்?" என்றான்.

"என் கண்ணைப் பாருங்க."

பார்த்தான்... குறும்பு இல்லை, சிரிப்பு இல்லை. அந்தக் கரிய கண்மணிக்குள் குட்டியாகத் தன் முகம் தெரிவதை அவள் பார்த்தாள். ஸ்கேலில் எண் தெரிந்தது, படித்தாள், மறந்துபோனாள். மறுபடி படித்தாள்.

"ஆச்சா மேடம்?"

"ஆடாம இருங்க. இன்னும் ஆகல."

ஆகியே விட்டது. ஆனால் அவனிடம் எதற்குச் சொல்வது? இந்த மத்தியானம் இப்படியே இருந்துவிடக் கூடாதா என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தபோது அவன் வாயைத் திறந்தான்.

"பட்டுதான் போகச் சொன்னாங்க. எங்கக்கா கடைக்கே போங்க, நல்லா பார்ப்பான்னு."

பட்டு... பட்டு... எங்கே போனாலும் பட்டு! ஸ்கேலை மேஜை மேல் டக்கென்று வைத்தாள். "தயாரானதும் போன் வரும். வாங்கிக்கலாம்."

சீச்சீ, யார் மேலடி உனக்குப் பொறாமை? தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாத நாளில்லை. சின்ன வயதில் பட்டுவுக்குப் புண் என்று எத்தனை பயணம் நின்றுபோயிருக்கிறது! பள்ளிக்கூட விழாவில் இவள் பரிசு வாங்கியபோது கைதட்ட வீட்டிலிருந்து ஒருவரும் வந்ததில்லை. அப்போதெல்லாம் ஒரு சொட்டுப் பொறாமை வந்ததுண்டா? எனக்கென்ன, கை கால் நல்லாத்தானே இருக்கு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவள். அப்படிப்பட்டவளுக்கு இப்போது வயிறு எரிகிறது... ஒரு நாள் வலிக்காமல் குளித்தறியாத தங்கையைப் பார்த்து! வெளியே சொன்னால் காறித் துப்ப மாட்டார்களா?

சொல்லாமல் அடக்கி வைத்தது கடைசியில் கையில் வந்து நின்றது.

பட்டுவுக்குக் கட்டு மாற்றுவது எப்போதும் அக்காவின் வேலை. பழைய துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவிட வேண்டும். தானாக நழுவும்வரை காத்திருக்க வேண்டும். இழுக்கவே கூடாது. அவள் இந்த வேலையைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோதே கற்றுக்கொண்டவள். அம்மாவுக்குக்கூட அவள் அளவுக்குப் பொறுமை கிடையாது.

அன்றைக்கு மாலையில் பட்டு ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். "டெய்லர் சார் நாளைக்கு வர்றாரு அக்கா. அவர் தச்சுக் குடுத்த நீலச் சட்டையை எடுத்து வை. அதைப் போட்டா நான் நல்லா இருக்கேனாம். அவரே சொன்னாரு."

அவ்வளவுதான். கை இழுத்துவிட்டது.

பட்டு கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்து அப்படியே நிறுத்திக்கொண்டாள். துணியோடு தோலும் வந்திருந்தது. முழங்கைக்குக் கீழே சிவப்பாக... இரத்தம் தண்ணீரில் இறங்கியது.

"நீயா?" ஓடிவந்த அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. "நீயாடி இழுத்தே?"

"விடும்மா. தெரியாம பட்டுடுச்சு," என்றாள் பட்டு, கண்ணில் நீர் முட்ட. "ஏய் அக்கா, அழாதே. நான்தானே அழணும்?"

தெரியாமல் படவில்லை. அது அவளுக்குத் தெரியும். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வராமல் அழுதாள். நீயெல்லாம் ஒரு அக்காவா? ஒருவன் சிரித்தான் என்பதற்காகவா தங்கையின் தோலை உரித்தாய்?

மறுநாள் அவன் வந்தபோது வாசலிலேயே மறித்தாள். தூங்காத கண்கள், வீம்பாகத் தூக்கிய முகம்.

"ஒரு விஷயம் சொல்லணும். நீங்க பட்டுவைப் பார்க்கத்தானே வர்றீங்க? தாராளமா வாங்க. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா பொழுதுபோக்குக்கு வர்றதா இருந்தா இப்பவே நிறுத்திக்குங்க. அவ தாங்க மாட்டா."

அவன் முகம் மெல்ல மாறியது. "பொழுதுபோக்கா? நான் அப்படிப்பட்ட ஆளுன்னா நினைச்சீங்க?"

"வேற எப்படி நினைக்கிறது? நான் வந்ததும் ரெண்டு பேரும் வாயை மூடிக்கிறீங்க. மறைக்க ஒண்ணும் இல்லைன்னா எதுக்கு மூடணும்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுக்குப் பின்னால், கூடத்தில், பட்டு இரத்தம் கசிந்த புதுக் கட்டோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டான். கையிலிருந்த பொட்டலத்தைத் திண்ணையின் மேல் வைத்துவிட்டு, "சட்டை. தையலைப் பார்த்துட்டேன்... உறுத்தாது," என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினான்.

அப்புறம் அவன் வரவே இல்லை.

வீடு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் வாசலில் செருப்பு இல்லை, உள்ளே சிரிப்பு இல்லை. இதைத்தானே கேட்டாய், அனுபவி என்றது மனசு. அனுபவிக்கத்தான் முடியவில்லை.

"அவர்கிட்ட என்ன சொன்னே?" என்று ஒரு நாள் பட்டு நேருக்கு நேர் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"பொய். போன் பண்ணா, வேலை இருக்குங்கிறாரு. எனக்குன்னு இருந்த ஒரே பிரெண்டு அக்கா அவரு. என் கையைப் பார்க்காம என் மூஞ்சியைப் பார்த்துப் பேசுற ஒரே ஆளு. அவரையும் விரட்டிட்டே."

பட்டு அவளையே பார்த்தாள். கோபம் வடிந்து, வேறு ஏதோ அந்தப் பெரிய கண்களில் வந்து உட்கார்ந்தது.

"உனக்குள்ள என்னவோ இருக்கு. அன்னைக்கு நீ இழுத்தப்பவே எனக்குத் தெரியும். என்கிட்ட சொல்ல மாட்டே. நூலகத்துல அந்த ரூம் இருக்குல்ல, கூடப்பிறந்தவங்க ரூம்? அங்க போய் உட்காரு. என்னை எப்படி வேணா திட்டு. நான் கேட்க மாட்டேன்."

சந்திப்பு நாளில் கூடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை திறந்திருக்கும். நோயாளியும் உள்ளே போகக் கூடாது, பெற்றவர்களும் போகக் கூடாது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை மட்டும்தான். வட்டமாக உட்கார்ந்து, வீட்டில் சொல்ல முடியாத ஒன்றை ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல வேண்டும். ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. பாவம் என்று சொல்லக் கூடாது, பரவாயில்லை என்றும் சொல்லக் கூடாது. அடுத்தவர் தன் விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதான். அங்கே பேசியது வாசலைத் தாண்டாது. இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்!

இந்த முறை போனாள். உள்ளே காலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

வட்டத்தில் அவன் உட்கார்ந்திருந்தான்.

இவனுக்கு இங்கே என்ன வேலை? டெய்லர்தானே... திரும்பிவிடலாம் என்று பார்த்தால், ரயில் ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, "உட்காரும்மா," என்றார். காலியாக இருந்தது ஒரே நாற்காலி. அவன் பக்கத்தில். இருவரும் நேரே பார்த்துக்கொண்டு, ஒரே வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்தார்கள். லீவு கிடைக்கவில்லை என்கிற மாதிரி ஏதாவது சொல்லி ஒப்பேற்றிவிடலாம் என்று முடிவு செய்தாள்.

அவளுக்கு முன்னால் ஒரு வங்கிக்காரி பேசினாள். "தம்பிக்கு முடியலன்னு சொல்லி ஆபீஸ்ல லீவு போடுறேன். அவன் அன்னைக்கு நல்லாத்தான் இருப்பான். நான் சினிமாவுக்குப் போறேன். தனியா."

யாரும் சிரிக்கவில்லை. யாரும் முகம் சுளிக்கவில்லை. அவள் முறை வந்துவிட்டது.

"எனக்கு..." தயார் செய்து வைத்த பொய் வாயில் வரவே இல்லை. "எனக்கு என் தங்கச்சி மேல பொறாமை. சின்ன வயசுல இல்ல. இப்போ. வீட்டுக்கு ஒருத்தர் வர்றாரு... வந்துட்டிருந்தாரு. அவர் வந்தா எனக்குப் பிடிக்கும். அவர் பேசினா பிடிக்கும். ஆனா அவர் அவளைப் பார்க்கத்தான் வர்றாரு. அவளைப் பார்த்துச் சிரிக்கிறாருன்னு... நான்... கட்டை ஊறவைக்காம இழுத்துட்டேன். தோல் வந்துடுச்சு. என் கைதான் அது. வேற யார் கையும் இல்ல. அப்புறம் அவரையும் நானே விரட்டிட்டேன், பெரிய தியாகி மாதிரி. தியாகம் எல்லாம் ஒண்ணும் இல்ல. அவளுக்கும் கிடைக்கக் கூடாதுன்னுதான் விரட்டினேன். இப்போ அவளுக்குப் பேச ஆளில்ல."

முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். ஒரு ஆறுதலும் வரவில்லை. அதுவே எத்தனை நிம்மதியாக இருந்தது! அடுத்தது அவன் முறை. பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்க அக்காவுக்கு இந்த நோய்," என்றான் அவன். "அக்கா இப்போ இல்ல. அவளுக்குத் தைக்கத்தான் நான் தையலே கத்துக்கிட்டேன். அவ போன பிறகும் இந்த ரூமுக்கு வர்றதை என்னால விட முடியல. இதுக்கு முன்னாடி வேற ஊர்ல போய்க்கிட்டிருந்தேன், இப்போ இங்க."

அவள் விரலிடுக்கு வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை ஒரு நாள்கூட நான் கேட்கவில்லையே... பட்டுவுக்குத் தெரிந்திருக்கும்.

"இன்னைக்கு நான் சொல்ல வேண்டியது வேற. எனக்கும் ஒருத்தங்க மேல பொறாமை. பட்டுன்னு ஒரு பொண்ணு. அவளுக்கு ஒரு அக்கா இருக்காங்க. முன்பின் தெரியாத எனக்காக பஸ்ல ஊரையே சண்டைக்கு இழுத்தவங்க. அவங்க தங்கச்சிக்குக் கட்டு மாத்துறதை ஒரு நாள் பார்த்தேன். ஒரு துணி நழுவுறதுக்கு அவ்வளவு நேரம், அவ்வளவு பொறுமையா... உலகத்துல வேற எதுவுமே இல்லாத மாதிரி உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் பொறுமைல கொஞ்சம் எனக்குக் கிடைக்காதான்னு இருந்துச்சு. நோயாளி மேல பொறாமைப்படுறியேடான்னு என்னையே திட்டிக்கிட்டேன். பட்டுகிட்ட இதைச் சொன்னேன். வேற யார்கிட்ட சொல்ல? அக்காவுக்கு என்ன பிடிக்கும், எப்ப வருவாங்கன்னு கேட்டுக்கேட்டே அவ உயிரை எடுத்தேன். அவங்க கதவைத் திறந்ததும் எங்களுக்குப் பேச்சு நின்னுடும். அவங்களைப் பத்தியே பேசிட்டு அவங்க முன்னாடி எப்படிப் பேசுறது?"

அவள் முகத்திலிருந்து கையை எடுத்தாள்.

"அவங்ககிட்டயே சொல்லியிருக்கலாம். பயம். எங்க வீட்டு ரத்தத்துலயும் இது இருக்கலாம், அவங்க ரத்தத்துலயும் இருக்கலாம். டாக்டரைப் பார்க்கணும், டெஸ்ட் எடுக்கணும். ரெண்டு பேர்கிட்டயும் இருந்துட்டா பொறக்குற குழந்தைக்கு வரலாம், அப்போ என்ன செய்யுறதுன்னு பேசணும். அதுக்கெல்லாம் நான் ரெடி. இவ்வளவையும் ஒரு பொண்ணு முன்னாடி எப்படி எடுத்து வைக்கிறதுன்னுதான் தெரியல. அன்னைக்கு வாசல்ல சொல்ல வந்தேன். பின்னாடி பட்டு கையில புதுக் கட்டோட உட்கார்ந்திருந்தா. நான் பேசினா அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவுல விரிசல் இன்னும் பெருசாயிடுமோன்னு வந்துட்டேன். அவ்வளவுதான். முடிச்சிட்டேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். மழைக்கால இருட்டிலும் அந்தக் கண்கள்... இந்த முறை அவளையேதான் பார்த்தன. பேச வாயைத் திறந்தாள்.

"பதில் சொல்லக் கூடாதும்மா," என்றாள் வங்கிக்காரி மெதுவாக. சட்டம் சட்டம்தானே!

அவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்தது ரயில்காரரின் முறை. வட்டத்தில் இன்னும் எத்தனை பேர்! எல்லோரும் பேசி முடித்து, தன் முறை திரும்ப வருவதற்குள் உயிர் போய்விடும் போலிருந்தது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து துப்பட்டாவைத் திருகினாள்.

ரயில்காரர் தொண்டையைச் செருமினார். அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"இன்னைக்கு எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைப்பா," என்றார். "என் முறையை அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடுறேன். பதில் எதுவும் சொல்லக் கூடாது. உன் விஷயத்தைத்தான் சொல்லணும். தெரியும்ல?"

"தெரியும் சார்."

அவள் எழுந்தே நின்றுவிட்டாள்.

"என் விஷயம்தான் சார். நான் இப்போ வெளியே போய் முதல்ல என் தங்கச்சிகிட்ட மன்னிப்புக் கேட்கப்போறேன். நான் தெரிஞ்சேதான் இழுத்தேன், ஏன் இழுத்தேன்னு அவகிட்ட சொல்லப்போறேன். அப்புறம்..." அவன் பக்கம் திரும்பாமலே, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, முகமெல்லாம் சிவக்கச் சிவக்கச் சொன்னாள். "அப்புறம் டெய்லர் சார் நாளைக்கு எங்க வீட்டுக்கு வரணும். பட்டுவைப் பார்க்க இல்ல... என்னைப் பார்க்க."